30 வருட பழைய அமிகா கம்ப்யூட்டரில் இன்றைய யூனிக்ஸ் ஓடுமா? முடிவு செய்யும் அந்த ஒரு சிப்... முழு விளக்கம்!

உங்க போன்ல ஏதாவது ஒரு ஆப் திடீர்னு கிராஷ் ஆனா என்ன நடக்கும்? அந்த ஆப் மட்டும் மூடிக்கும். வாட்ஸ்அப், அலாரம், பின்னணியில் ஓடும் பாட்டு எல்லாம் அப்படியே இருக்கும். நாமும் அதைப் பெரிசா எடுத்துக்க மாட்டோம்.

ஆனால் 1980-களில் வீடுகளுக்கு வந்த கம்ப்யூட்டர்களில் கதையே வேற. ஒரு புரோகிராம் தப்பு செய்தால் மொத்த கம்ப்யூட்டரும் நின்றுவிடும். அந்தக் காலத்தில் பெரிய பெயர் எடுத்த அமிகாவும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

அந்த அமிகாவில் இன்றைக்கும் புதுப்பிக்கப்படும் யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை நிறுவ முடியும். ஆனால் எல்லா அமிகாவிலும் முடியாது. எதில் முடியும், எதில் முடியாது, எப்படி நிறுவுவது? பார்க்கலாம் வாங்க.

சுருக்கமாக:

- நிறுவக்கூடிய சிஸ்டம்: நெட்பிஎஸ்டி. விலை இல்லை, மூல நிரலும் திறந்தே இருக்கிறது.
- கட்டாயம் வேண்டியது: எம்எம்யூ எனப்படும் மெமரி மேலாண்மைப் பகுதி உள்ள பிராசஸர்.
- சாதாரண அமிகா 500, 600, 1200-ல் அது இல்லை. ஆக்சிலரேட்டர் கார்டு சேர்த்தால் வழி உண்டு.
- கம்ப்யூட்டர் கையில் இல்லாதவர்கள் எமுலேட்டரில் முயற்சி செய்யலாம்.

அமிகா என்பது என்ன?

அமெரிக்காவின் கமடோர் நிறுவனம் 1985 ஜூலையில் நியூயார்க்கில் அறிமுகம் செய்த கம்ப்யூட்டர்தான் அமிகா 1000. அடுத்து 1987-ல் விலை குறைந்த அமிகா 500 வந்தது. ஐரோப்பாவில், குறிப்பாக பிரிட்டனிலும் ஜெர்மனியிலும், வீட்டுக்குள் அமிகாவைக் கொண்டு போனது இந்த மாடல்தான். 1992-ல் அமிகா 1200 வந்தது.

வண்ணப் படம், ஸ்டீரியோ ஒலி ஆகியவற்றோடு, ஒரே நேரத்தில் பல புரோகிராம்களை ஓட்டும் வசதியும் முதல் மாடலிலேயே இருந்தது. அதே காலத்து ஐபிஎம் பிசி-க்களில் டாஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான்.

யூனிக்ஸுக்கும் உங்க போனுக்கும் என்ன சம்பந்தம்?

யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்கியது. கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி இருவரும் அதன் முக்கியமான கர்த்தாக்கள். பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும், ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைக் கெடுக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை எண்ணம்.

அதன் வாரிசுகள்தான் இன்று எங்கும் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு போனின் உள்ளே இருப்பது யூனிக்ஸ் மாதிரியே வடிவமைக்கப்பட்ட லினக்ஸ். ஐபோனின் உள்ளே கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பிஎஸ்டி யூனிக்ஸின் பகுதிகள் இருக்கின்றன.

நாம் அமிகாவில் நிறுவப் போகும் நெட்பிஎஸ்டி-யும் அந்த பெர்க்லி குடும்பம்தான். இதில் இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் தொகுப்பான பயோனிக்கில் நெட்பிஎஸ்டி-யில் இருந்து எடுத்த நிரலும் இருக்கிறது. அதாவது அந்தப் பழைய அமிகாவும் உங்க போனும் ஒரு வகையில் தூரத்துச் சொந்தம்!

ஒரு புரோகிராம் விழுந்தால் எல்லாமே விழுவது ஏன்?

அமிகாவின் சொந்த சிஸ்டமான அமிகா ஓஎஸ், கதவே இல்லாத ஒரு பெரிய கூடம் மாதிரி. எல்லா புரோகிராமும் அந்த ஒரே கூடத்தில்தான் குடியிருக்கும். யார் வேண்டுமானாலும் யார் பெட்டியையும் திறக்கலாம்.

இதில் ஒரு பெரிய லாபமும் இருந்தது. ஒரு புரோகிராம் இன்னொன்றுக்குத் தகவல் அனுப்ப வேண்டுமானால், அதைப் படி எடுக்கவே தேவையில்லை. "தகவல் மெமரியில் இந்த இடத்தில் இருக்கு, பார்த்துக்கோ" என்று முகவரியைச் சொன்னால் போதும். 7 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரை வைத்துக்கொண்டு அமிகா அவ்வளவு வேகம் காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நஷ்டமும் அதே இடத்தில்தான். ஒரு புரோகிராம் தவறான முகவரியில் எழுதிவிட்டால், பக்கத்தில் இருக்கும் புரோகிராமோ, ஆபரேட்டிங் சிஸ்டமோ சிதைந்துவிடும். அப்போது திரையில் சிவப்புக் கட்டம் மின்னும். 'குரு மெடிட்டேஷன்' என்ற பிரபலமான பிழைச் செய்தி அதுதான். அது வந்தால் ரீபூட் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

எம்எம்யூ அப்படி என்ன செய்யுது?

எம்எம்யூ வந்தால் அந்தக் கூடம் அபார்ட்மென்ட் ஆகிவிடும். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி வீடு, தனிக் கதவு.

ஒவ்வொரு புரோகிராமும் தன் வீட்டுக்குள் இருக்கும் முகவரிகளை மட்டுமே பார்க்கும். அந்த முகவரி உண்மையான மெமரியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எம்எம்யூ நொடிக்கு நொடி மாற்றிக் கொடுக்கும். தனக்குச் சொந்தமில்லாத இடத்தை ஒரு புரோகிராம் தொட்டால், எம்எம்யூ உடனே ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தகவல் சொல்லும். சிஸ்டம் அந்த ஒரு புரோகிராமை மட்டும் நிறுத்தும். உங்க போனில் நடப்பதும் இதுவேதான்.

யூனிக்ஸுக்கு இது பாதுகாப்பு விஷயம் மட்டும் இல்லை. அதன் அடிப்படை வேலையே இதை நம்பித்தான் இருக்கிறது. யூனிக்ஸில் புதிய புரோகிராம் தொடங்குவதற்கு 'ஃபோர்க்' என்று ஒரு முறை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தன்னையே அச்சு அசலாக ஒரு நகல் எடுக்கும். அசலும் நகலும் ஒரே முகவரியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

எம்எம்யூ இருந்தால் இது சுலபம். ஒரே கதவு எண்ணோடு இரண்டு தனி வீடு கொடுத்துவிடலாம். எம்எம்யூ இல்லாவிட்டால் ஒரே இடத்தில் இரண்டு பேர் எப்படி உட்கார முடியும்? நெட்பிஎஸ்டி எம்எம்யூ கட்டாயம் என்று சொல்வது இதனால்தான்.

எந்த அமிகாவில் ஓடும், எதில் ஓடாது?

பிராசஸரின் பெயரைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

- 68000: அமிகா 500, 600, 1000, 2000-ல் வந்தது. எம்எம்யூ இல்லை. ஓடாது.
- 68இசி020: அமிகா 1200-ல் வந்தது. எம்எம்யூ இல்லை. ஓடாது.
- 68020: தனியாக ஓடாது. 68851 என்ற கூடுதல் சிப் பக்கத்தில் இருந்தால் ஓடும்.
- 68030: எம்எம்யூ உள்ளேயே இருக்கிறது. அமிகா 3000-ல் வந்தது. ஓடும்.
- 68040, 68060: எம்எம்யூ உண்டு. ஓடும்.

இதில் கவனிக்க வேண்டிய இரண்டு எழுத்து 'இசி'. மோட்டோரோலா நிறுவனம் விலை குறைத்து விற்ற சிப்களின் பெயரில் இது வரும். இசி என்று இருந்தால் எம்எம்யூ கிடையாது. 'எல்சி' என்று இருந்தால் எம்எம்யூ இருக்கும், கணிதக் கணக்குகளுக்கான எஃப்பியூ மட்டும் இருக்காது. எஃப்பியூவும் இருந்தால் நல்லது.

இந்த இசி விஷயத்தில் ஏமாறுவது சுலபம். அமிகா 4000 உயர்ரக மாடல். ஆனால் அதன் 030 வகையில் இருந்தது 68இசி030 சிப். அதே நேரத்தில், அமிகா 1200-ன் அடிப்பக்கம் இருக்கும் சிறிய மூடியைத் திறந்து முழு 68030 உள்ள ஆக்சிலரேட்டர் கார்டைச் செருகினால், அதில் நெட்பிஎஸ்டி ஓடும். விலை கூடிய கம்ப்யூட்டரில் ஓடாது, விலை குறைந்ததில் ஓடும்!

பழைய கார்டு வாங்குபவர்கள் கார்டின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே கார்டு முழு சிப்போடும் இசி சிப்போடும் விற்கப்பட்டிருக்கலாம். சிப்பின் மேல் அச்சாகி இருக்கும் எண்ணை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்க. புதிதாக வரும் சில எஃப்பிஜிஏ ஆக்சிலரேட்டர்கள் பல மடங்கு வேகமானவை. ஆனால் அவற்றிலும் மோட்டோரோலா வகை எம்எம்யூ இருக்கிறதா என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

கம்பெனியே விற்ற யூனிக்ஸ் என்ன ஆச்சு?

1990-களின் தொடக்கத்தில் கமடோரே அமிகாவுக்கு ஒரு யூனிக்ஸை விற்றது. பெயர் அமிக்ஸ். ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ் ரிலீஸ் 4 என்ற யூனிக்ஸை அமிகாவுக்கு ஏற்ற மாதிரி மாற்றிய வடிவம் அது. அமிகா 3000யூஎக்ஸ் என்ற பெயரில், அதை உள்ளேயே நிறுவிய கம்ப்யூட்டரும் வந்தது.

1994 ஏப்ரல் 29-ல் கமடோர் திவால் அறிவித்தது. அமிக்ஸின் வளர்ச்சி அதற்கு முன்பே நின்றுவிட்டது. அதன் மூல நிரல் உரிமங்களுக்குள் பூட்டிக் கிடந்ததால், வெளியில் இருந்து யாரும் எடுத்துத் தொடர முடியவில்லை.

அதே காலத்தில் மார்கஸ் வைல்ட் என்ற புரோகிராமர் நெட்பிஎஸ்டி-யை அமிகாவுக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியிருந்தார். தன்னார்வலர்கள் பலர் சேர்ந்தார்கள். 1994 அக்டோபரில் வந்த நெட்பிஎஸ்டி 1.0 பதிப்பில் அமிகாவும் இடம்பிடித்தது. கம்பெனி மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. 2024 மார்ச்சில் வெளியான 10.0 பதிப்பிலும் அமிகாவுக்கு இடம் இருக்கிறது.

விற்பனைக்கு வந்த சிஸ்டம் கம்பெனியோடு போனது. விலையில்லாமல் கொடுத்த சிஸ்டம் கம்பெனியைத் தாண்டியும் 30 வருடமாக ஓடுகிறது.

நிறுவும் முன் இதைப் பாருங்க

சாஃப்ட்வேரை விடுங்க, முதலில் மதர்போர்டைக் காப்பாற்றணும். அமிகா 500 பிளஸ், 2000, 3000, 4000 மாடல்களில் கடிகாரத்துக்காக ஒரு ரீசார்ஜ் பேட்டரி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு இருக்கும். வயதானால் அதிலிருந்து திரவம் கசிந்து, போர்டில் இருக்கும் செப்புத் தடங்களை அரித்துவிடும். பல அமிகாக்கள் வீணானது இப்படித்தான். அது இன்னும் இருந்தால் முதல் வேலையாக எடுத்துவிட வேண்டும்.

அமிகா 1200-ல் அந்த பேட்டரி இல்லை. ஆனால் 600, 1200, 4000 மாடல்களில் இருக்கும் சிறிய கெப்பாசிட்டர்கள் கசியும். எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிவிடுவது நல்லது.

மற்ற தேவைகள்:

- மெமரி: அமிகாவின் சிப் மெமரியைச் சேர்க்காமல் குறைந்தது 6 எம்பி. 16 எம்பி அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி.
- சேமிப்பு: பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் ஐடிஇ அடாப்டரும். 4 ஜிபி-க்கு உட்பட்ட கார்டு போதும். பழைய அமிகா ஓஎஸ் 4 ஜிபி-க்கு மேல் தடுமாறும்.
- அமிகா ஓஎஸ்: இதை அழிக்கக் கூடாது. நெட்பிஎஸ்டி-யை எழுப்பி விடுவதே அதுதான்.

நிறுவுவது எப்படி? படிப்படியாக...

படி 1: கார்டைப் பிரிப்பது. அமிகா ஓஎஸ்-ல் இருக்கும் எச்டி டூல்பாக்ஸ் மூலம் மூன்று பார்ட்டிஷன் போடுங்க. ஒன்று அமிகா ஓஎஸ்-க்கு, ஒன்று நெட்பிஎஸ்டி-யின் ரூட்டுக்கு, ஒன்று ஸ்வாப்புக்கு. அமிகா ஓஎஸ் முதலில் இருக்கட்டும்.

படி 2: அடையாள எண் கொடுப்பது. ரூட், ஸ்வாப் இரண்டுக்கும் நெட்பிஎஸ்டி-யின் வழிகாட்டிக் கோப்பில் உள்ள குறியீட்டு எண்களை டைப் செய்ய வேண்டும். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் விஷயம் எளிது. அந்த எண்ணில் ஒளிந்திருப்பது மூன்று ஆங்கில எழுத்துகள். ரூட்டுக்கு என்-பி-ஆர், ஸ்வாப்புக்கு என்-பி-எஸ். இந்தப் பார்ட்டிஷன்களை அமிகா ஓஎஸ் தானாக மவுண்ட் செய்யாதபடி அமைப்பதும் முக்கியம்.

படி 3: நிறுவும் கருவியை ஸ்வாப்பில் எழுதுவது. நெட்பிஎஸ்டி-யோடு வரும் 'மினிரூட்' என்ற கோப்பில், நிறுவுவதற்கு மட்டும் வேண்டிய குட்டி சிஸ்டம் இருக்கும். அதை எக்ஸ்ஸ்ட்ரீம்-டு-டெவ் என்ற கருவியால் ஸ்வாப் பார்ட்டிஷனில் எழுத வேண்டும். ஸ்வாப் அப்போதைக்குக் காலியாகத்தானே இருக்கு, அதனால்தான் இந்த ஏற்பாடு. கவனம்: இங்கே பார்ட்டிஷன் பெயரை மாற்றிக் கொடுத்தால் அதில் இருந்த எல்லாம் போய்விடும்.

படி 4: கெர்னலை எழுப்புவது. கம்ப்யூட்டரை ரீபூட் செய்து, இரண்டு மவுஸ் பட்டனையும் அழுத்திப் பிடித்தால் அமிகாவின் பூட் மெனு வரும். அதில் ஸ்டார்ட்அப் சீக்வென்ஸ் இல்லாமல் பூட் செய்யுங்க. பிறகு 'லோட்பிஎஸ்டி' கட்டளையில் கெர்னலின் பெயரைக் கொடுத்தால், அது அமிகா ஓஎஸ்-ஐ மெமரியில் இருந்து ஒதுக்கிவிட்டு நெட்பிஎஸ்டி-யிடம் கம்ப்யூட்டரை ஒப்படைக்கும். அமிகா 1200, 4000-ன் ஏஜிஏ திரை வசதிக்கு இந்தக் கட்டளையிலேயே தனி ஆப்ஷன் உண்டு.

படி 5: கோப்புகளை விரிப்பது. ரூட் எங்கே என்று கெர்னல் கேட்கும். இப்போதைக்கு மினிரூட் இருக்கும் ஸ்வாப் பார்ட்டிஷனைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு நிறுவும் ஸ்கிரிப்ட் கேள்வி கேட்டுக்கொண்டே போகும். ரூட் பார்ட்டிஷன் ஃபார்மட் ஆகும், அடிப்படைக் கோப்புகள் விரியும். வேகமான கம்ப்யூட்டர் இல்லை, பொறுமை வேணும்.

படி 6: முதல் பூட். மறுபடியும் அமிகா ஓஎஸ் வழியாக லோட்பிஎஸ்டி, இந்த முறை உண்மையான ரூட் பார்ட்டிஷனோடு. சிஸ்டம் ஒற்றைப் பயனர் நிலையிலேயே நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். எட்சி ஃபோல்டரில் உள்ள ஆர்சி கான்ஃப் கோப்பில் 'ஆர்சி கான்ஃபிகர்டு' என்ற வரிக்கு யெஸ் கொடுத்தால் சரியாகிவிடும்.

எம்எம்யூ இல்லை என்றால் வழியே இல்லையா?

யூனிக்ஸின் உடல் கிடைக்காது, பழக்க வழக்கம் கிடைக்கும்! அமிகா ஓஎஸ் மேலேயே யூனிக்ஸ் புரோகிராம்களை ஓட்ட ஐஎக்ஸ்எமுல் என்ற நிரல் தொகுப்பு உண்டு. அதைத் தொடங்கி வைத்தவரும் அதே மார்கஸ் வைல்ட்தான். அதை அடிப்படையாக வைத்து, அமிகா உலகில் பிரபலமான ஃபிரெட் ஃபிஷ் முன்னெடுத்த கீக் கேட்ஜெட்ஸ் தொகுப்பில் ஜிசிசி கம்பைலர், ஷெல் போன்ற கருவிகள் வந்தன.

ஆனால் பழைய கூடம் அப்படியேதான் இருக்கும். முழு ஃபோர்க் கிடையாது. நகல் எடுக்காமல், இடத்தைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கும் 'வி-ஃபோர்க்' என்ற மாற்று வழிதான். ஒரு புரோகிராம் விழுந்தால் குரு மெடிட்டேஷனும் வரும்.

அமிகாவே இல்லாதவர்கள் விண்டோஸில் வின்யூஏஇ எமுலேட்டரை முயற்சி செய்யலாம். அதில் எம்எம்யூ-வோடு கூடிய பிராசஸரைத் தேர்வு செய்ய முடியும். அமிகாவின் கிக்ஸ்டார்ட் ராம் கோப்புக்கு காப்புரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். அமிகா ஃபாரெவர் என்ற தொகுப்பில் அதை முறைப்படி விலைக்கு வாங்கலாம்.

நிறுவிய பிறகு என்ன செய்யலாம்?

ஷெல், விஐ எடிட்டர், சி மொழி கம்பைலர் எல்லாம் இருக்கும். சிஸ்டத்தோடு வரும் சிறிய வெப் சர்வரை ஓட்டி, வீட்டு நெட்வொர்க்கில் உங்க பக்கத்தைக் காட்டலாம். யூனிக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டிய அத்தனையும் கையில் இருக்கும்.

எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. இன்றைய வெப் பிரவுசர் ஓடாது. எஸ்எஸ்எச் இணைப்புக்கான சாவிகளை உருவாக்கவே 68030-க்கு நிறைய நேரம் பிடிக்கும். பெரிய சாஃப்ட்வேரை மூல நிரலில் இருந்து கம்பைல் செய்தால் நாள்கணக்கில் ஆகலாம். அமிகா கேம்களும் இதில் ஓடாது. அதற்கு ரீபூட் செய்து அமிகா ஓஎஸ்-க்குத் திரும்ப வேண்டியதுதான்.

2038-ல் என்ன ஆகும்?

பழைய யூனிக்ஸ்கள் 1970 ஜனவரி 1 முதல் ஆன நொடிகளை 32 பிட் எண்ணில் சேமிக்கும். இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8.44 மணிக்கு அந்த எண் நிரம்பிவிடும். அதன் பிறகு தேதி 1901-க்குப் போய்விடும். நெட்பிஎஸ்டி 2012-ல் வந்த 6.0 பதிப்பிலேயே இதை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டது. அமிகா 32 பிட் கம்ப்யூட்டர்தான், ஆனாலும் நெட்பிஎஸ்டி இருந்தால் 2038-ஐத் தாண்டிவிடும். கெப்பாசிட்டர் தாண்டுமா என்பதுதான் கேள்வி!

இது எவ்வளவு காலம் நீடிக்கும்?

ஆள் இருக்கும் வரை. வேறொரு உதாரணம் பார்க்கலாம். டெபியன் லினக்ஸ் 1998-ல் வந்த 2.0 பதிப்பில் இருந்து இந்த 68000 குடும்ப சிப்களை அதிகாரபூர்வமாக ஆதரித்தது. 2007-ல் வந்த 4.0 பதிப்பில் அந்த இடம் போனது. இப்போது தன்னார்வலர்கள் அதைத் தனிப்பிரிவாக நடத்துகிறார்கள்.

நெட்பிஎஸ்டி-யிலும் அமிகா முதல் வரிசையில் இல்லை, இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறது. அதாவது, அதைப் பயன்படுத்துபவர்கள்தான் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு உதவியாக ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அமிகாவுக்கான முழு சிஸ்டத்தையும் இன்றைய வேகமான பிசி-யிலேயே கம்பைல் செய்துவிடலாம். அமிகாவை நாள்கணக்கில் ஓடவிட வேண்டிய அவசியம் இல்லை. இத்தனை பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய பதிப்பு வருவதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

ஆனால் பதிப்பு வந்தால் மட்டும் போதாது. உண்மையான அமிகாவில் அதை ஓட்டிப் பார்த்து, எது வேலை செய்யவில்லை என்று சொல்ல ஒருவர் வேணும். பரணில் ஒரு அமிகா தூங்கிக்கொண்டிருந்தால், இந்த வாரமே மூடியைக் கழற்றி பேட்டரியைப் பாருங்க. பிறகு பிராசஸர் மேல் 'இசி' இருக்கிறதா என்று பாருங்க. மற்றதைப் பொறுமையாகச் செய்துகொள்ளலாம்.